புதியதா, பழையதா? செயலிக்கு ஏற்ற நிரல்மொழி

சிரம்பானிலிருந்து ரந்தாவ், சிலியாவ் வழியாகப் போர்ட்டிக்சனுக்குச் செல்லும் வழியில் இன்று செம்பனைத் தோட்டங்களைக் காணலாம். ஒரு காலத்தில் நெகிரி செம்பிலானின் தோட்டங்களில் ரப்பர் மரங்களே நிறைந்திருந்தன. பயிர் மாறியபோது தொழிலாளர் கையிலிருந்த கருவியும் மாறியது. பால் வெட்டும் கத்திக்குப் பதிலாக உளியும் அரிவாளும் வந்தன.

செம்பனைக் குலை வெட்டுபவரிடம் எது சிறந்த கருவி என்று கேட்டால், அவர் முதலில் மரத்தின் உயரத்தைக் கேட்பார். இளமரத்தில் குலை தாழ்வாக இருக்கும். அதை நீண்ட பிடியுள்ள உளியால் குத்தி வெட்டலாம். மரம் உயர்ந்தபின் உளி எட்டாது. நீண்ட கம்பின் நுனியில் பொருத்திய அரிவாளால் இழுத்து வெட்ட வேண்டும். மலேசியச் செம்பனை வாரியம் உருவாக்கிய ‘சந்தாஸ்’ என்னும் மோட்டார் வெட்டுக் கருவியும் இப்போது உண்டு. அது வேலையை விரைவுபடுத்தும். ஆயினும், மிக உயர்ந்த மரங்களுக்கு அது எட்டுவதில்லை. எனவே, உளி பழையது என்று யாரும் அதைத் தூக்கி எறிவதில்லை. மோட்டார் புதியது என்று எல்லா மரத்துக்கும் அதைக் கொண்டு போவதுமில்லை.

கணினி நிரல் எழுதும் மொழியைத் தேர்ந்தெடுப்பதும் இத்தகைய முடிவுதான். திறன்பேசிச் செயலி ஒன்றை உருவாக்க விரும்பும் மாணவர் முதலில் சந்திக்கும் கேள்வி, “எந்த மொழியில் எழுதுவது? பல ஆண்டுகளாக உள்ள மொழியிலா, அண்மையில் வந்த மொழியிலா?” என்பதே. இதற்கு விடை காண ஓர் எடுத்துக்காட்டை எடுத்துக்கொள்வோம்.

தோட்டத்துக்கு ஒரு செயலி

குலை வெட்டும் தொழிலாளரின் வருமானம் அவர் வெட்டிய குலைகளின் எண்ணிக்கையையோ எடையையோ பொறுத்தது. ரப்பர்க் காலத்தில் பால் நிறுக்கும் இடத்தில் கிராணி எழுதியதே கணக்கு. இன்றும் பல இடங்களில் மண்டோரின் குறிப்பேட்டில் ஏறும் எண்ணே மாதக் கடைசியில் சம்பளமாகிறது. அந்த எண்ணைத் தொழிலாளரும் அன்றன்றே தம் கைப்பேசியில் பார்க்க முடிந்தால், தவறு இருப்பின் அன்றே கேட்கலாம். மாதம் முடிந்தபின், “அன்றைக்கு நான் எத்தனை குலை வெட்டினேன்?” என்று நினைவைத் துழாவ வேண்டியதில்லை.

ஆகவே, தொழிலாளரின் அன்றாடக் குலைக் கணக்கைப் பதியும் செயலி ஒன்றை நம் பள்ளிக் கணினிக் கழகம் உருவாக்குவதாக வைத்துக்கொள்வோம். இதில் பிழை நேர்ந்தால் அது மதிப்பெண்ணோடு முடிந்துவிடாது. ஒரு குடும்பத்தின் சம்பளத்தைத் தொடும். இதை மனத்தில் வைத்தே மொழியைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

மொழிகளின் வயது

மனிதன் எழுதும் கட்டளைகளைக் கணினி புரிந்துகொள்ளும் வடிவத்திற்குக் கொண்டு செல்ல உதவுவது நிரல்மொழி. 1957இல் ஐபிஎம் நிறுவனம் அறிவியல் கணக்குகளுக்காக ஃபோர்ட்ரான் மொழியை வெளியிட்டது. வணிகக் கணக்குகளுக்காகக் கோபோல் மொழி 1959இல் வகுக்கப்பட்டது. 1970களின் தொடக்கத்தில் டென்னிஸ் ரிட்சி சி மொழியை உருவாக்கினார். பைதன் 1991இலும் ஜாவா 1995இலும் வெளிவந்தன. ஆப்பிள் நிறுவனத்தின் ஐஃபோன் செயலிகள் தொடக்கத்தில் 1980களில் பிறந்த ஆப்ஜெக்டிவ்-சி மொழியில் எழுதப்பட்டன. அந்நிறுவனம் 2014இல் சுவிஃப்ட் என்னும் புதிய மொழியை அறிமுகப்படுத்தியது. ஆண்ட்ராய்டு செயலிகளுக்கு ஜாவா முதன்மை மொழியாக இருந்து வந்தது. 2017இல் கோட்லின் மொழிக்கும் கூகல் ஆதரவளித்தது; 2019இல் கோட்லினுக்கே முதலிடம் தருவதாக அறிவித்தது.

ஜாவா என்ற பெயர் காப்பியின் வழியாக நம் அண்டை நாடான இந்தோனேசியாவின் ஜாவாத் தீவிலிருந்து வந்தது. கோட்லினை உருவாக்கிய ஜெட்பிரெயின்ஸ் நிறுவனத்தாரும் தங்கள் மொழிக்கு ஒரு தீவின் பெயரையே தேடினர். ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகருக்கு அருகிலுள்ள கோட்லின் தீவின் பெயரை வைத்தனர்.

ஒவ்வொரு மொழியும், அதைப் படைத்தவர்கள் அந்தக் காலத்தில் எதற்கு அஞ்சினார்கள், எதை எளிதாக்க விரும்பினார்கள் என்பதைக் காட்டும். நம் தோட்டச் செயலியில் எழும் மூன்று சிக்கல்களைக் கொண்டு இதைச் சோதித்துப் பார்ப்போம்.

முதல் சிக்கல்: பணம்

ஒரு குலைக்கு 35 சென் என்று கொள்வோம். ஒருவர் 87 குலை வெட்டினால் 30 ரிங்கிட் 45 சென் கிடைக்க வேண்டும். இது எளிய கணக்கு. ஆனால், கணினி எண்களை 0, 1 என்ற இரும முறையில் வைத்துக்கொள்கிறது. அம்முறையில் 0.1 போன்ற பதின்மங்களைச் சரியாக எழுதி முடிக்க இயலாது. மூன்றில் ஒரு பங்கை நாம் 0.333 என்று எழுதிக்கொண்டே போவதைப் போன்றது அது. அதனால், வழக்கமான பதின்ம எண் வகையைப் பயன்படுத்தி 0.1, 0.2 ஆகியவற்றைக் கூட்டச் சொன்னால், பைதன், ஜாவா, கோட்லின், சுவிஃப்ட் ஆகிய நான்கும் 0.30000000000000004 என்றே விடை தரும். இத்தகைய சிறு பிசிறுகள் பல்லாயிரம் பதிவுகளில் சேரும்போது சென் கணக்கு பிசகலாம்.

வியப்பு என்னவென்றால், இந்த நான்கையும்விட மூத்த கோபோல் மொழியில் இச்சிக்கல் இயல்பாக எழுவதில்லை. அது வங்கிக்கும் சம்பளப் பட்டியலுக்கும் என்றே உருவான மொழி. ஆகவே, பதின்ம எண்ணைப் பதின்ம எண்ணாகவே வைத்துக் கணக்கிடும் முறை அதில் தொடக்கம் முதலே உண்டு. பல வங்கிகளில் அம்மொழி இன்றும் இயங்குவதற்கு இதுவும் ஒரு காரணம்.

அதற்காக நாம் கோபோலுக்குத் திரும்ப வேண்டியதில்லை. பணத்தை ரிங்கிட்டாகப் பதியாமல் சென்னாக, முழு எண்ணாகப் பதிந்தால் போதும். 87ஐ 35ஆல் பெருக்கினால் 3045 சென். இதில் எந்த மொழியும் தவறாது. “ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்” என்பதுபோல் எல்லாப் பிழைக்கும் மொழியைக் குறைசொல்ல முடியாது. சில பிழைகளைத் திட்டமிடலே தடுக்கும்.

இரண்டாம் சிக்கல்: வராத நாள்

ஒரு தொழிலாளர் செவ்வாய்க்கிழமை மருத்துவ விடுப்பில் இருந்தார். அன்று அவருடைய கணக்கில் எண் இல்லை. ‘எண் இல்லை’ என்பதும் ‘சுழியம்’ என்பதும் ஒன்றா? இல்லை. வேலைக்கு வந்து ஒரு குலைகூட வெட்டவில்லை என்பது ஒன்று. விடுப்பில் இருந்தார் என்பது வேறொன்று. இரண்டாவதற்கு விடுப்பூதியம் உண்டு. செயலி இரண்டையும் ஒன்றாக்கினால் அவருக்கு இழப்பு.

மதிப்பு எதுவும் இல்லாத நிலையைக் குறிக்கும் வெற்றுச் சுட்டு என்னும் வழக்கத்தை 1965இல் ஒரு நிரல்மொழிக்குள் கொண்டு வந்தவர் பிரிட்டிஷ் கணினி அறிஞர் டோனி ஹோர். அந்த வெறுமையைக் கவனியாமல் எழுதிய நிரல்கள் பிற்காலத்தில் எண்ணற்ற முறை நின்றுபோயின. 2009இல் அவரே அதைத் தமது நூறு கோடி டாலர் தவறு என்று குறிப்பிட்டார். ஜாவாவிலும் இந்த ஆபத்து உண்டு. நிரலாளர் கவனமாக இல்லாவிட்டால், நிரப்பப்படாத எண் சில இடங்களில் தானாகவே 0 ஆக நிற்கும். வேறு சில இடங்களில் செயலி பாதியில் நின்றுவிடும்.

கோட்லினும் சுவிஃப்ட்டும் இந்த அனுபவத்திற்குப் பிறகு பிறந்தவை. ஓரிடம் வெறுமையாக இருக்கலாம் என்றால், எண் வகையின் பெயருக்குப் பின் ஒரு கேள்விக்குறி இட்டு அதை முன்கூட்டியே சொல்ல வேண்டும். வெறுமையாக இருந்தால் என்ன செய்வது என்பதையும் எழுத வேண்டும். எழுதாமல் விட்டால், நிரலைத் தொகுக்கும்போதே கணினி தடுத்துவிடும். பிழை தொழிலாளரின் கைப்பேசியில் வெளிப்படாமல் மாணவரின் மேசையிலேயே பிடிபடுகிறது. இங்கே புதிய மொழியின் மேன்மை தெளிவு.

மூன்றாம் சிக்கல்: தமிழ் எழுத்து

செயலி தமிழிலும் மலாய் மொழியிலும் இயங்க வேண்டும். ‘தமிழ்’ என்ற சொல்லில் எத்தனை எழுத்து? த, மி, ழ் என மூன்று என்று தொடக்கப்பள்ளி மாணவரும் சொல்வார். கணினியிடம் கேட்டால் விடை மொழிக்கு மொழி மாறும். இன்று பரவலாக உள்ள யூடிஎஃப்-8 முறையில் சேமித்த அச்சொல்லின் நீளத்தைச் சி மொழியின் வழக்கமான கட்டளை 15 என்று சொல்லும். அது பைட்டுகளை எண்ணுகிறது. ஜாவாவும் பைதனும் 5 என்று சொல்லும். த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஒருங்குறியின் துண்டுகளை அவை எண்ணுகின்றன. சுவிஃப்ட் மட்டுமே 3 என்று சொல்லும். மனிதர் கண்ணுக்கு ஓர் எழுத்தாகத் தெரிவதை அது ஓர் எழுத்தாகவே எண்ணுகிறது.

புதிய மொழியான கோட்லின் என்ன சொல்கிறது? அதுவும் 5 என்றே சொல்கிறது. ஆக, புதியது என்பதாலேயே ஒரு மொழி எல்லாவற்றையும் சரியாகச் செய்துவிடும் என்று கொள்ளலாகாது. ‘பெயர் 20 எழுத்துக்குள் இருக்க வேண்டும்’ என்று நம் செயலியில் ஒரு விதி வைத்தால், எந்த மொழி எதை எண்ணுகிறது என்று அறிந்தே வைக்க வேண்டும். இல்லையேல், தமிழ்ப் பெயர்கள் நடுவே வெட்டுப்பட்டு, புள்ளியும் கொம்பும் இழந்து நிற்கும்.

பழமையின் வலிமையும் சுமையும்

பழைய மொழிக்கு ஒரு பெரும் செல்வம் உண்டு. பல்லாயிரம் பேர் அதில் எழுதியிருக்கிறார்கள். அவர்கள் சந்தித்த இடர்களும் கண்ட தீர்வுகளும் நூல்களில் பதிவாகியுள்ளன. சந்தேகம் எழுந்தால் விடை கிடைக்கும். சொல்லிக் கொடுக்க ஆசிரியரும் கிடைப்பார்.

ஆனால், கற்போர் குறைந்துவிட்டால் அச்செல்வமே சுமையாகும். 2020 ஏப்ரலில், கோவிட்-19 பெருந்தொற்றால் வேலையிழந்தோர் அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் உதவித்தொகைக்குத் திரண்டு விண்ணப்பித்தபோது, பல பத்தாண்டுப் பழைமையான கணினி அமைப்பு திணறியது. கோபோல் அறிந்தவர்கள் உதவ முன்வர வேண்டும் என்று ஆளுநர் ஃபில் மர்ஃபி வெளிப்படையாகவே கேட்டுக்கொள்ள நேர்ந்தது.

புதிய மொழிக்கும் விலை உண்டு. சுவிஃப்ட் பிறந்து இரண்டே ஆண்டுகளில், 2016இல், அதன் மூன்றாம் பதிப்பு வந்தது. இலக்கணம் பெரிதும் மாறியதால், முன்பு எழுதிய நிரல்களைத் திருத்தாமல் தொகுக்க இயலவில்லை. இளம்பயிருக்கு அடிக்கடி உரமும் காவலும் வேண்டும்; அதற்கு ஆளும் நேரமும் உள்ள குழுவுக்கே அது ஏற்றது.

ஒட்டுக்கட்டிய மரம்

ரப்பர்த் தோட்டங்களில் ஒட்டுக்கட்டுதல் என்னும் முறை உண்டு. விதையிலிருந்து வளர்ந்த கன்றின் வேரை வைத்துக்கொண்டு, மிகுந்த பால் தரும் வேறொரு மரத்தின் மொட்டை அதில் ஒட்டுவார்கள். செயலி உலகிலும் இதுவே நடக்கிறது. ஒரே செயலியில் சில கோப்புகளை ஜாவாவிலும் சில கோப்புகளைக் கோட்லினிலும் எழுதலாம். இரண்டும் ஒன்றையொன்று அழைத்துக்கொள்ளும். அதனால், பழைய செயலியை அழித்துவிட்டு முதலிலிருந்து எழுதத் தேவையில்லை. புதிதாகச் சேர்க்கும் பகுதியை மட்டும் புதிய மொழியில் எழுதலாம்.

ஆழமாகப் பார்த்தால் வேரில் இன்னும் பழைய மொழியே இருக்கிறது. ஆண்ட்ராய்டு திறன்பேசியின் அடித்தளமான லினக்ஸ் கருவகம் பெரும்பாலும் சி மொழியில் எழுதப்பட்டது. கைப்பேசிக்குள் தரவைச் சேமிக்கும் எஸ்கியூலைட் என்னும் தரவுத்தளம் 2000ஆம் ஆண்டில் வெளிவந்தது. அதுவும் சி மொழியில் அமைந்ததே. தோட்டத்தின் உட்பகுதியில் இணைய அலை கிடைக்காதபோது, குலைக் கணக்கைப் பத்திரமாக வைத்திருந்து மாலையில் அனுப்ப உதவுவது இத்தகைய தரவுத்தளமே.

நம் நாட்டிலிருந்து ஒரு சான்று

மலேசியத் தமிழரான முத்து நெடுமாறன் 1985இல் முரசு அஞ்சல் மென்பொருளைத் தொடங்கினார். 2005இல் அவருடைய செல்லினம் வெளிவந்தது. ஐஃபோனும் ஆண்ட்ராய்டு கைப்பேசியும் சந்தைக்கு வராத அக்காலத்தில், ஜாவா நிரல்கள் இயங்கக்கூடிய கைப்பேசிகளில் தமிழில் குறுஞ்செய்தி எழுத அது வழி செய்தது. பின்னர் கைப்பேசிகள் மாறின. செல்லினம் ஐஃபோனுக்கும் ஆண்ட்ராய்டுக்கும் வந்தது. கருவியும் அதற்கேற்ற நிரல்மொழியும் மாறினாலும், மெய்யும் உயிரும் சேர்ந்து உயிர்மெய் ஆகும் முறை மாறவில்லை. அந்த முறையைத் தெளிவாக வகுத்து வைத்திருப்பவருக்கு மொழி மாற்றம் ஒரு தடையாவதில்லை.

முடிவெடுக்க ஐந்து கேள்விகள்

செயலி உருவாக்க இறங்கும் முன் கீழ்க்காணும் ஐந்து கேள்விகளுக்கு விடை எழுதிப் பாருங்கள்.

1. யார் பயன்படுத்துவார்கள்? அவர்களிடம் உள்ள கைப்பேசி எது?
2. எந்தப் பிழை நேர்ந்தால் அவர்களுக்கு மிகுந்த பாதிப்பு?
3. நமக்கும் நமக்கு வழிகாட்டுவோருக்கும் எந்த மொழி தெரியும்?
4. நம்மிடம் எத்தகைய கணினி உள்ளது?
5. நாம் பள்ளியை விட்டுச் சென்றபின் இதைப் பராமரிப்பவர் யார்?

நம் தோட்டச் செயலிக்கு இவற்றைப் பொருத்துவோம். தொழிலாளர்கள் கையில் பெரும்பாலும் ஆண்ட்ராய்டு கைப்பேசியே உள்ளது எனில், ஜாவாவும் கோட்லினும் பொருந்தும். கோட்லின் புதியதாயினும், ஜாவாவைப் போன்ற இடைநிலை வடிவத்திற்கே தொகுக்கப்படுவதால் பழைய கைப்பேசியிலும் இயங்கும். ஐஃபோனுக்கும் எழுத வேண்டுமானால், ஆப்பிள் நிறுவனத்தின் மேக் கணினி தேவைப்படும். அதற்கான செலவைக் கழகம் தாங்குமா என்று பார்க்க வேண்டும். விடுப்பு நாளைச் சுழியமாக்கும் பிழையே நாம் மிகவும் அஞ்சுவது என்பதால் கோட்லினுக்குச் சற்றுக் கூடுதல் தகுதி உண்டு. ஆனால், வழிகாட்டும் ஆசிரியருக்கு ஜாவா மட்டுமே தெரியும் என்றால், ஜாவாவில் தொடங்கி, வெறுமையைச் சோதிக்கும் வரிகளைத் தவறாமல் எழுதுவது நல்லது. யாருக்கும் தெரியாத புதிய மொழியில் அரைகுறையாக எழுதுவதைவிட, நன்கு தெரிந்த பழைய மொழியில் செம்மையாக எழுதிய செயலியே தொழிலாளருக்குப் பயன்படும்.

ஐந்தாம் கேள்வியைப் பலர் மறந்துவிடுகின்றனர். ஐந்தாம் படிவ மாணவர்கள் தேர்வெழுதிவிட்டுப் போய்விடுவார்கள். தோட்டத்தில் குலை வெட்டுவது நிற்காது. அடுத்து வரும் மூன்றாம் படிவ மாணவர் படித்துப் புரிந்துகொள்ளும்படி நிரல் எழுதப்பட்டிருக்கிறதா என்பதே அச்செயலியின் ஆயுளைத் தீர்மானிக்கும். எனவே, எந்த மொழியைத் தேர்ந்தாலும், ஏன் அதைத் தேர்ந்தோம், எந்த எண்ணை எப்படிப் பதிகிறோம் என்பவற்றை ஒரு பக்கத்தில் எழுதிச் செயலியோடு வைத்துவிடுங்கள்.

இன்று நீங்கள் புதியது என்று கற்கும் மொழியும் ஒருநாள் பழையதாகும். அப்போதும் குலைக்கணக்கு இருக்கும். சம்பள நாள் இருக்கும். தம் உழைப்பின் கணக்கைச் சரிபார்க்க விரும்பும் தொழிலாளரும் இருப்பார். அவருக்கு எது தேவை என்று கேட்டறிந்து, அதன் பிறகு மொழியைத் தேர்ந்தெடுங்கள்.

சொற்பொருள்

நிரல் – கணினிக்கு இடும் கட்டளைகளின் தொகுப்பு
தொகுத்தல் – எழுதிய நிரலைக் கருவி இயக்கக்கூடிய வடிவத்திற்கு மாற்றுதல்
ஒருங்குறி – உலக மொழிகளின் எழுத்துகளுக்கு எண் வழங்கும் பொது முறை
மண்டோர் – தோட்டத்தில் வேலையை மேற்பார்வையிடுபவர்
கிராணி – தோட்டத்தின் கணக்கை எழுதுபவர்

கருத்துணர் கேள்விகள்

1. குலை வெட்டும் கருவிகளைப் பற்றிய செய்தி இக்கட்டுரையின் கருத்தை விளக்க எவ்வாறு உதவுகிறது?
2. ‘எண் இல்லை’, ‘சுழியம்’ ஆகிய இரண்டையும் செயலி ஒன்றாகக் கொண்டால் ஏற்படும் விளைவு யாது?
3. ‘தமிழ்’ என்ற சொல்லின் எழுத்துகளை எண்ணும்போது நிரல்மொழிகள் ஏன் வெவ்வேறு விடை தருகின்றன?
4. நியூ ஜெர்சியில் நிகழ்ந்ததிலிருந்து ஒரு நிறுவனம் கற்க வேண்டிய பாடம் என்ன? உமது கருத்தை இரண்டு காரணங்களுடன் எழுதுக.
5. உமது வட்டாரத்தினருக்குப் பயன்படும் செயலி ஒன்றைச் சிந்தித்து, கட்டுரையிலுள்ள ஐந்து கேள்விகளுக்கும் விடையளித்து, ஏற்ற நிரல்மொழியைத் தேர்ந்தெடுக்க. உமது தேர்வை நண்பர்களோடு கலந்துரையாடுக.